மீன் தக்காளியை விடுங்கள், தைலமரத்தைப் பாருங்கள்

மரபணு மாற்றுப் பயிர்களைப் பற்றிய எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் எழுந்து மீன் தக்காளியைப் பற்றிக் கேட்பார். குளிர்கடல் மீனின் மரபணுவை எடுத்துத் தக்காளிக்குள் வைத்துவிட்டார்களாமே, அதைத்தானே கடையில் வாங்கிக்கொண்டிருக்கிறோம்? கேட்பவர் சைவராக இருந்தால் குரலில் கலக்கம் இன்னும் கொஞ்சம் கூடும். மேடையில் இருப்பவர் ஆதரவாளர் என்றால் சிரித்து மழுப்புவார். எதிர்ப்பாளர் என்றால் தலையாட்டிவிட்டு அடுத்த குற்றச்சாட்டுக்குப் போய்விடுவார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இது நடக்கிறது. அந்தத் தக்காளி உலகின் எந்தச் சந்தைக்கும் ஒரு நாள்கூட வந்ததில்லை.

அட்லாண்டிக்கின் வடமேற்குக் கரையோரம் வாழும் குளிர்கால ஃபிளவுண்டர் ஒரு தட்டை மீன். கடல்நீர் சுழியம் டிகிரிக்கும் கீழே போனாலும் அதன் இரத்தம் உறைவதில்லை. இரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம், உருவாகத் தொடங்கும் பனிப்படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாமல் தடுக்கிறது. அண்டார்டிகா மீன்களில் இப்படி ஒரு பொருள் இருப்பதை ஆர்தர் டெவ்ரீஸ் 1960-களிலேயே கண்டறிந்திருந்தார். கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் இருந்த டிஎன்ஏ பிளான்ட் டெக்னாலஜி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஃபிளவுண்டரின் மரபணுவைத் தக்காளியிலும் புகையிலையிலும் புகுத்திப் பார்த்து, 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். உறைந்த திசுவில் பனிப்படிகங்கள் பெருப்பது குறைந்திருந்தது. பனி இரவில் ஒரு தக்காளிச் செடியைப் பிழைக்கவைக்க அது போதவில்லை. திட்டம் அத்தோடு முடிந்தது. 1994-இல் கால்ஜீன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஃபிளேவர் சேவர்' வேறு தக்காளி. அதில் தக்காளியின் சொந்த மரபணு ஒன்றையே தலைகீழாகத் திருப்பி வைத்து, பழம் சீக்கிரம் குழையாமல் பார்த்துக்கொண்டார்கள். மக்கள் நினைவில் இரண்டும் சேர்ந்து ஒரே தக்காளியாகிவிட்டன.

வேடிக்கையான ஒரு பின்குறிப்பும் உண்டு. ஓஷன் பௌட் என்ற இன்னொரு குளிர்கடல் மீனின் புரதத்தை, மரபணு மாற்றிய ஈஸ்ட்டில் தயாரித்து ஐஸ்கிரீமில் சேர்ப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் யூனிலீவர் நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது. தக்காளியில் மீன் துடுப்பு வரைந்து எதிர்த்ததுபோல, அதற்காக யாரும் ஐஸ்கிரீமில் துடுப்பு வரைந்து ஊர்வலம் போனதாகத் தெரியவில்லை.

குளிரைத் தாங்கும் பயிர்களை உருவாக்கும் முயற்சியைச் சுற்றி நடந்த விவாதம் முழுவதும், மரபணு எங்கிருந்து வந்தது என்பதிலேயே நின்றுவிட்டது. அந்தச் செடி எங்கே போகப்போகிறது, அங்கே யாருடைய தண்ணீரைக் குடிக்கப்போகிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. நம் நாட்டின் விதிகளும் இப்போது அதே குறைபாட்டோடுதான் எழுதப்பட்டிருக்கின்றன. அங்கே வருவதற்கு முன் குளிரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

மீன் தக்காளிக்கும் முன்பே குளிரை வைத்து ஒரு பெரிய சண்டை நடந்தது. 1961-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த பால் ஹோப், நோய் கண்ட மக்காச்சோள இலைகளை உலர்த்திப் பொடியாக்கி, நோய் எதிர்ப்பைச் சோதிப்பதற்காகச் செடிகளின் மேல் தூவிக்கொண்டிருந்தார். எதிர்பாராமல் ஒரு நாள் பனி விழுந்தது. பொடி தூவிய செடிகள் மட்டும் கருகின. காரணத்தைப் பத்தாண்டுக்கும் மேல் கழித்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் லிண்டோவும் அவருடைய ஆசிரியர்களும் பிடித்தார்கள். பொடிக்குள் இருந்த சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. பனிப்படிகம் உருவாக அதுவே அச்சாகிறது. தூய நீர் சுழியத்துக்குக் கீழே பல டிகிரி போயும் உறையாமல் இருக்கும். இந்த பாக்டீரியா இலையில் இருந்தால் கழித்தல் 2 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடுகிறது.

அந்தப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் வெட்டி நீக்கிய பாக்டீரியாவைப் பயிர்மேல் தெளித்து, கெட்டவற்றுக்கு இடம் கிடைக்காமல் செய்யலாம் என்று பெர்க்லிக்குப் போன லிண்டோ நினைத்தார். வெளியிலிருந்து எந்த மரபணுவும் சேர்க்கவில்லை, ஒன்றை எடுத்தது மட்டுமே. ஆனாலும் மரபணுப் பொறியியலை எதிர்த்த ஜெரமி ரிஃப்கின் வழக்குத் தொடுக்க, 1984-இல் நீதிபதி ஜான் சிரிக்கா சோதனைக்குத் தடை போட்டார். கடைசியில் 1987 ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் பிரென்ட்வுட்டில் ஸ்ட்ராபெரி வயல் ஒன்றில் தெளித்தார்கள். முந்தைய இரவே யாரோ புகுந்து செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். தெளித்தவர் விண்வெளி வீரரைப்போல உடல் முழுக்க மூடிய உடையில் இருக்க, சற்றுத் தள்ளிச் சாதாரணச் சட்டையில் நின்று படமெடுத்தார்கள் பத்திரிகையாளர்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. 'ஃப்ராஸ்ட்பேன்' என்று பெயர் வைத்த அந்தப் பொருள் கடைக்கு வரவேயில்லை. பனியை வரவழைக்கும் மூல பாக்டீரியாவோ, கொல்லப்பட்ட வடிவில் 'ஸ்னோமேக்ஸ்' என்ற பெயரில், பனிச்சறுக்கு மலைகளில் செயற்கைப் பனி உண்டாக்க விற்பனையானது.

பனி விழுந்தால் ஊசி போன்ற படிகங்கள் செல்லைக் குத்திக் கிழிக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. இலையில் நீர் முதலில் உறைவது செல்லுக்கு வெளியே. வெளியே உறைய உறைய, உள்ளே இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு போலச் செல் சுருங்குகிறது. வெயில் ஏறிப் பனி உருகும்போது நீர் திரும்பப் பாய, சுருங்கிய சவ்வு அந்த விரிவைத் தாங்காமல் பிய்ந்துபோகிறது. காலை பத்து மணிக்கு இலை கறுத்துத் தொங்குவது அதனால்தான். ஆக, உறைபனியில் செடி சாவது ஒருவகை வறட்சிச் சாவு. தக்காளி, நெல், வாழை போன்ற வெப்பமண்டலப் பயிர்களுக்கு இன்னொரு தொல்லை. நீர் உறைவதற்கு வெகு முன்பே, பத்து டிகிரி அளவிலேயே அவற்றின் சவ்வுக் கொழுப்பு இறுகிவிடும். ஜப்பானில் நோரியோ முராட்டாவின் குழு புகையிலையின் கொழுப்பு அமிலங்களை மாற்றி, குளிரால் வரும் இந்தப் பாதிப்பைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று 1992-இல் காட்டியது.

குளிர்நாட்டுச் செடிகள் எப்படிப் பிழைக்கின்றன? ரை என்ற தானியப் பயிரைக் கோடையிலிருந்து எடுத்து நேராக உறைநிலையில் வைத்தால் கழித்தல் 5 டிகிரியில் செத்துவிடும். முதலில் சில வாரங்கள் 2 டிகிரியில் பழக்கிவிட்டால் கழித்தல் 30 வரை தாங்கும். அதே செடி, அதே மரபணுக்கள். குளிர் வருகிறது என்று தெரிந்தவுடன் உள்ளே ஏதோ ஒன்று எழுந்து வேலை பார்க்கிறது. அது எது என்று தேடியவர்களில் முதன்மையானவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் தாமஷோ. அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியில் சிபிஎஃப் என்ற தலைமை மரபணுக்களை அவர் குழு கண்டது. குளிர்பட்ட கால் மணி நேரத்துக்குள் இவை விழித்து, நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களுக்கு ஆணையிடுகின்றன. சர்க்கரை சேர்கிறது, சவ்வு இளகுகிறது, நீரைக் காக்கும் புரதங்கள் பெருகுகின்றன. இதில் ஒன்றை எப்போதும் இயங்கும்படி செய்தால், குளிரில் பழக்காத செடியும் உறைபனியைத் தாங்கும் என்று 1998-இல் நிறுவினார்கள்.

ஆனால் அப்படிச் செய்த செடி குள்ளமாகிவிட்டது. பூப்பது தள்ளிப்போனது. காரணம் தெளிவானது. குளிருக்குத் தயாராவது என்றால் வளர்ச்சியை நிறுத்துவது. செடி இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதில்லை. ஜப்பானில் ஷினோசாகி தம்பதியின் குழு, தேவை வரும்போது மட்டும் மரபணு விழிக்கும்படி அமைத்து 1999-இல் இந்த இழப்பைக் குறைத்தது. தக்காளிக்கு அதுவும் உதவாது. தக்காளியிலும் சிபிஎஃப் மரபணுக்கள் இருக்கின்றன என்றும், அவற்றின் ஆணைக்குக் கட்டுப்படும் மரபணுக்கள்தான் அதில் மிகச் சில என்றும் 2004-இல் தாமஷோவின் குழுவே காட்டியது. ஆணையிடத் தலைவர் உண்டு, கேட்க ஆள் இல்லை. மீனிடமிருந்து ஒரு புரதத்தைக் கடன் வாங்கி அந்தச் செடியைப் பனிநாட்டுக் குடிமகனாக்கிவிடலாம் என்று நினைத்தது எவ்வளவு பெரிய அப்பாவித்தனம் என்பது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

குளிர் ஆராய்ச்சியிலிருந்து வயலுக்கு வந்த ஒன்று உண்டு. மான்சான்டோ 2013-இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ட்ரௌட்கார்ட்' மக்காச்சோளத்தில் இருப்பது, ஒரு பாக்டீரியாவின் குளிரதிர்ச்சிப் புரதத்துக்கான மரபணு. விற்றது வறட்சி தாங்கும் விதை என்று! குளிரும் வறட்சியும் செடிக்குள் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மரபணுவின் ஊர் எது என்ற கேள்விக்குத் திரும்புவோம். ஆண்டீஸ் மலையில் 4,000 மீட்டர் உயரத்தில், சோலானம் அகாவ்லே என்ற காட்டு உருளை உறைபனியைச் சாதாரணமாகத் தாங்கி நிற்கிறது. அது அங்கே பயிரிட்ட உருளையோடு கலந்து பிறந்த கசப்பு உருளைகளை மலைவாழ் உழவர்கள் நூற்றாண்டுகளாக வளர்க்கிறார்கள். பனிக்குச் சாவதில்லை, ஆனால் அப்படியே தின்ன முடியாத அளவுக்கு நச்சுக் காரம் உண்டு. எனவே இரவுப் பனியில் உறையவைத்து, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காயவைத்து 'சுன்யோ' ஆக்கிச் சேமிக்கிறார்கள். அவர்களுக்குப் பனி எதிரி மட்டுமல்ல, சமையல் கருவியும்கூட. அதே காட்டு உருளையின் பனி தாங்கும் குணத்தைச் சாப்பாட்டு உருளைக்குக் கொண்டுவர 1950-களின் தொடக்கத்தில் விஸ்கான்சினில் உழைத்தவர்களில் ஒருவர் கும்பகோணத்துக்காரர், எம்.எஸ். சுவாமிநாதன். அந்த வழியில் பின்னாளில் வந்ததே 'அலாஸ்கா ஃப்ராஸ்ட்லெஸ்' என்ற ரகம். பசுமைப் புரட்சியை வைத்து அவரைப் புகழ்கிறவர்களும் திட்டுகிறவர்களும் இந்தப் பனி உருளையைப் பற்றிப் பேசுவதேயில்லை.

காட்டு உருளையோடு மரபான முறையில் கலந்தால் ஆபத்தே இல்லை என்றும் எண்ண வேண்டாம். பொரித்த வறுவலுக்கு அருமையாக இருந்த 'லெனாப்பே' என்ற உருளை 1967-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டு, 1970-இல் திரும்பப் பெறப்பட்டது. காட்டு உறவிலிருந்து வந்த நச்சுக் காரம் அதில் அளவுக்கு மீறி இருந்தது. ஆய்வுக்கூடத்தில் யாரும் எந்த மரபணுவையும் தொடவில்லை.

இப்போது தைலமரத்துக்கு வருவோம். குளிர் தாங்கும் மரபணு மாற்றத்தில், வணிகத்துக்கு மிக அருகில் போனது ஓர் உணவுப் பயிரே அல்ல. தென் கரோலினாவைச் சேர்ந்த ஆர்பர்ஜென் நிறுவனம், கலப்பின யூகலிப்டஸ் (தைலமரம்) ஒன்றில் அரபிடாப்சிஸின் சிபிஎஃப்2 மரபணுவை, ஷினோசாகி குழு காட்டிய அதே 'தேவைக்கு மட்டும்' அமைப்போடு வைத்தது. கழித்தல் 8 டிகிரி அளவு வரை அந்த மரம் தாங்கியது. மகரந்தம் உருவாகாதபடி இன்னொரு மரபணுவும் சேர்த்திருந்தார்கள். 2011-இல் அமெரிக்க வேளாண் துறையிடம் கட்டுப்பாடு நீக்கக் கேட்டார்கள். 2017 ஏப்ரலில் துறை வெளியிட்ட வரைவுச் சூழல் அறிக்கை, அனுமதிக்கலாம் என்ற பக்கமே சாய்ந்தது. ஆனாலும் இதுவரை அது வணிகத் தோட்டமாகவில்லை.

இந்த மரத்தின் தன்மையைக் கவனியுங்கள். யூகலிப்டஸ் வேகமாக வளரும், காகிதக் கூழுக்கும் எரிபொருளுக்கும் விலை போகும். அமெரிக்காவின் தென்பகுதியில் அது ஃபுளோரிடாவைத் தாண்டிப் பெரிதாகப் பரவாமல் இருந்ததற்கு ஒரே காரணம் உறைபனி. சட்டமோ காவலரோ இல்லாமல் பனி ஓர் எல்லையைப் போட்டு வைத்திருந்தது. அந்த எல்லையை எடுத்துவிட்டால் டெக்சாஸ் முதல் தென் கரோலினா வரை கடலோரம் முழுவதும் திறக்கிறது. அங்கே இருக்கும் பைன் தோப்பைவிட இது அதிக நீர் குடிக்கும் என்று அமெரிக்க வனச் சேவையே சுட்டிக்காட்டியது. காட்டுத்தீ அச்சமும் எழுந்தது. புதுக்கோட்டை மாவட்ட விவசாயிகளுக்கு இதில் ஒரு வரியையும் விளக்க வேண்டியதில்லை. வனத்தோட்டக் கழகத்தின் தைலமரக் காடுகளால் வரத்துவாரிகள் வறண்டு கண்மாய்கள் காய்வதாக அவர்கள் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள். அந்த மரங்களில் எந்த மரபணு மாற்றமும் கிடையாது.

தீங்கு எதிலிருந்து வருகிறது என்பதே கேள்வி. அரபிடாப்சிஸ் மரபணு அந்த மரத்தில் நச்சு எதையும் உண்டாக்கவில்லை. சிக்கல் மரத்தில், அது போகும் நிலத்தில். மரபணு மாற்றம் செய்தது, அதுவரை போக முடியாத நிலத்துக்கு அந்த மரத்தை அனுப்பும் வேலையை.

இதைச் சொல்வதால் குளிர் தாங்கும் பயிரே கூடாது என்பது என் கட்சி என்று நினைக்க வேண்டாம். பனியைத் தாங்காத பயிரை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதற்கும் விலை உண்டு. ஃபுளோரிடாவின் பிளான்ட் சிட்டி பகுதியில் 2010 ஜனவரியில் தொடர்ந்து 11 நாட்கள் உறைபனி. ஸ்ட்ராபெரி விவசாயிகள் இரவெல்லாம் நிலத்தடி நீரை இறைத்துச் செடிகளின்மேல் தெளித்தார்கள். நீர் உறையும்போது வெளியேறும் வெப்பம் செடியைச் சுழியத்திலேயே நிறுத்திவைக்கும் என்பது அங்கே பழைய உத்தி. பயிர் பிழைத்தது. நிலத்தடி நீர்மட்டம் சரிந்து சுமார் 750 வீட்டுக் கிணறுகள் வற்றின, 140-க்கும் மேற்பட்ட இடங்களில் தரை உள்வாங்கியது. பனி தாங்கும் ஸ்ட்ராபெரி ஒன்று இருந்திருந்தால் அந்த ஊர்க்காரர்கள் அதை வரவேற்றிருப்பார்கள்.

புவி வெப்பமாகும் காலத்தில் குளிர் பற்றி ஏன் கவலை என்று கேட்கலாம். 2021 மார்ச் இறுதியில் பிரான்சில் வழக்கத்துக்கு மீறிய வெயில். திராட்சைக் கொடிகள் ஏமாந்து சீக்கிரமே துளிர்விட்டன. ஏப்ரல் முதல் வாரத்தில் பனி விழுந்து துளிர்களை எரித்துவிட்டது. வெப்பமயமாதல் குளிரை நீக்குவதில்லை, காலம் தப்பி வரவைக்கிறது. வெயிலுக்குப் பழகிவிட்ட செடிக்குக் கழித்தல் 3 டிகிரியே போதும். இங்கே தேவைப்படுவது அவசரப்படாமல் துளிர்க்கும் கொடி. மரபணு ஆய்வு இந்தப் பக்கம் திரும்பினால் உண்மையான பயன் இருக்கும்.

இனி நம் நாடு. 2022 மார்ச் 30 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. மரபணுத் திருத்தம் செய்த தாவரங்களில் எஸ்டிஎன்-1, எஸ்டிஎன்-2 வகையைச் சேர்ந்தவற்றுக்கு, அதாவது சொந்த மரபணுவில் சிறு வெட்டோ திருத்தமோ மட்டும் இருந்து வெளி மரபணு எதுவும் மிஞ்சாதவற்றுக்கு, மரபணு மாற்று உயிரிகளைக் கட்டுப்படுத்தும் 1989 விதிகளின் 7 முதல் 11 வரையிலானவற்றிலிருந்து விலக்கு. மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போக வேண்டாம். வெளி மரபணு இல்லை என்று ஆய்வு நிறுவனத்தின் சொந்த உயிரிப் பாதுகாப்புக் குழு உறுதி செய்தால் போதும். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட இரண்டு நெல் ரகங்கள் இந்த வழியில் வந்தவை. ஒன்று, சம்பா மசூரியிலிருந்து வந்த 'கமலா'. இன்னொன்று, வறட்சியையும் உப்பையும் தாங்கும் 'பூசா டிஎஸ்டி ரைஸ் 1'. ஏற்கெனவே நெல் விளையும் நிலத்தில் நெல்லுக்குப் பதில் நெல் என்பதால், சோதனைத் தரவுகளைப் பொதுவில் வைத்தால் எனக்கு அவற்றின்மேல் பெரிய தகராறு இல்லை.

தகராறு விலக்கின் அடிப்படையில். நாளை ஒருவர் யூகலிப்டஸின் சொந்த சிபிஎஃப் மரபணுவிலேயே சிறு திருத்தம் செய்து, உறைபனி தாங்கும் மரத்தை உருவாக்கினால் என்ன ஆகும்? வெளி மரபணு இல்லை, எனவே விலக்கு. ஆர்பர்ஜென்னின் மரம் குடிக்கும் அதே நீரை அதுவும் குடிக்கும். எதற்கும் உதவாத மீன் தக்காளியோ முழு விசாரணைக்கும் உட்பட வேண்டியிருக்கும். அன்று தக்காளியில் துடுப்பு வரைந்தவர்களின் தர்க்கம், பல ஆண்டு கழித்து அரசின் குறிப்பாணையிலும் உட்கார்ந்திருக்கிறது.

நீலகிரியைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் கற்பனைப் பயமாகத் தெரியாது. அங்கே நவம்பரில் நீர்ப்பனி, பிறகு அவலாஞ்சியிலும் தலைக்குந்தாவிலும் உறைபனி. பள்ளத்தாக்குகளில் தேங்கும் இந்தப் பனியும், சோலை மரக்கன்றுகளைப் புல்வெளிக்குள் வரவிடாமல் தடுத்த காரணங்களில் ஒன்று என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். சோலை ஒரு பக்கம், புல்வெளி ஒரு பக்கம் என்று மலை அப்படித்தான் இருந்தது. வெள்ளைக்காரர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் என்ற யூகலிப்டஸையும் சீகையையும் கொண்டுவந்தார்கள். பனி அவற்றை நிறுத்தவில்லை. புல்வெளிகளின் பெரும்பகுதி போய்விட்டது. இன்று அரசு காசு செலவழித்துச் சீகையை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது. மரபணுப் பொறியியலின் உதவியில்லாமலே, குளிர் தாங்கும் மரம் குளிர் காத்துவந்த நிலத்தை எடுத்துக்கொண்ட கதை அது. பனி தாங்கும் தேயிலையோ சவுக்கோ நாளை வந்தால், அது எந்தச் சரிவில் ஏறும் என்று கேட்க இப்போதைய விதிகளில் யாருக்கும் கடமை இல்லை.

ஆண்டுப் பயிரைத் தவறென்று தெரிந்தால் அடுத்த பருவத்தில் விட்டுவிடலாம். மரத்தை அப்படி விட முடியாது. பல்லாண்டுத் தாவரம் எதுவானாலும், வளரும் எல்லையை விரிக்கும் குணம் அதற்குக் கொடுக்கப்பட்டால், வெளி மரபணு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நீரையும் நிலத்தையும் பற்றிய ஆய்வு பொது விசாரணையோடு நடக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பாணையால் கொடுத்த விலக்கிலிருந்து மரங்களை எடுத்துவிட இன்னொரு குறிப்பாணை போதும்.